குறை எடை

வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் மெதுவாகும்போது
பெட்டியை மடியில் வைத்துக்கொள்வேன்.
தேக்குப் பெட்டி, பித்தளைப் பூட்டு.
உள்ளே பச்சை வெல்வெட்டில் படிக்கற்கள்,
ஒரு கிலோவிலிருந்து
தும்மினால் பறக்கும் தகடு வரை.
விரல் படக்கூடாது.
வேர்வைக்கும் எடை உண்டு.

பரங்கிப்பேட்டையில் இறங்கினேன்.
"தர்காவுக்கா மேடம், காலேஜுக்கா?"
"மீன் மார்க்கெட். தராசுக்கு முத்திரை வைக்கணும்."
ஆட்டோக்காரர் இலியாஸ்
கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்,
பெட்டியை இருமுறை.

"மார்க்கெட் இன்னும் சூடாகல. ஊரைப் பார்த்துட்டுப் போயிடலாமே?"

இடது பக்கம் திரும்பவேண்டிய வண்டி
வலது பக்கம் திரும்பியது.

முள் வேலிக்குள் கருவேலங்காடு.
"இங்கதான் இரும்பு உருக்கினாங்க.
சேலத்து மண்ணு, ஆத்து வழியா வந்துச்சு.
உருக்குன இரும்பு கப்பலேறி சீமைக்குப் போச்சு."
நான் பார்த்தது ஒரு வெள்ளாடும்
அது தின்றுகொண்டிருந்த சுவரொட்டியும்.
காலால் மண்ணைக் கிளறினேன்.
கறுப்பாக ஒரு கட்டி, கைக்கடங்கியது,
கசடோ கரியோ தெரியவில்லை.
அளவுக்கு மீறிக் கனத்தது.
எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

இலியாஸ் சற்றுத் தள்ளி நின்று
செல்போனில் மெல்லப் பேசினார்.
"ஆமா மச்சான். பெட்டியோடதான்."

பிறகு கலங்கரை விளக்கம்,
பிறகு பச்சைக் கொடி ஆடும் ஒரு தர்கா,
எழுத்து தேய்ந்த ஒரு கல்.
அதன் கீழே டச்சுக்காரராம்,
"இல்லன்னா டேனிஷ்" என்றார்,
எந்தப் பக்கமும் சாயாத முள்ளைப் போல.
மஹ்மூது பந்தர் என்றார், முத்துகிருஷ்ணபுரி என்றார்,
பறங்கியர் புதுத் துறைமுகம் என்று பெயர் வைத்துப் போனார்கள்,
அந்தப் புதுசுக்கே முந்நூறு நானூறு வயசு என்றார்.
பேச்சுக்கு நடுவே இன்னும் இரண்டு போன்.

கடைசியாக முகத்துவாரம்.
ஆறு எங்கே முடிகிறது என்று கேட்டேன்.
"ஏத்தத்துல அந்த மரத்துக்கிட்ட.
வத்தத்துல அதோ, படகு தட்டி நிக்குதே, அங்க."
அரசாங்கத்தில் அளவு வேலை பார்ப்பவளிடம்
இப்படியும் பதில் சொல்லலாமா?

மார்க்கெட்டில் தராசுகள் கல்யாணத்துக்கு நின்றன.
புளி போட்டுத் தேய்த்த தட்டுகள்,
ஸ்டிக்கர் உரியாத மின் தராசுகள்.
எல்லோரும் எழுந்து நின்றார்கள்.
இலியாஸின் மச்சான்
யாரென்று கேட்காமலே தெரிந்தது,
அவர்தான் எனக்கு நாற்காலி துடைத்தவர்.

மூலையில் அஞ்சலாட்சி மட்டும் எழவில்லை.
அவளிடம் போனும் இல்லை, மச்சானும் இல்லை.
மடவையைக் கூறு போட்டுக்கொண்டே
ஒரு கிலோக் கல்லை என் பக்கம் தள்ளினாள்.
பதினான்கு கிராம் குறைவு.

"நானா கடிச்சுத் தின்னேன்?
உப்புக்காத்து தின்னுது. போய் அதுக்குக் கேஸு போடு."

கல்லைக் கவிழ்த்தேன்.
அடிக்குழியில் ஈயம்,
ஈயத்தில் முத்திரை மேல் முத்திரை,
எனக்கு முன்னால் வந்தவர்களின் ஆண்டெழுத்துகள்.
ஒவ்வொருவரும் கொஞ்சம் சேர்த்திருக்கிறார்கள்.
ஒவ்வொரு முறையும் கடல் கொஞ்சம் எடுத்திருக்கிறது.
பறிமுதல் ரசீதைத் திறந்தேன், மூடினேன்.
பழுது பார்க்கும் ஜக்கரியாவைக் கூப்பிட்டேன்.
ஈயம் உருகியது.
தட்டு இரண்டும் நேராக நின்றபோது
அவள் கல்லைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.
"சுத்திப் பாத்தியா ஊர?" என்றாள்.

மாலை அலுவலகத்தில் பயணப்படிப் பட்டியல்.
நிலையத்திலிருந்து மார்க்கெட் இரண்டு கிலோமீட்டர்.
மீட்டர் காட்டியது பதினொன்று.
அதிகப்படியான தூரத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தில்
முகத்துவாரம் என்று எழுதினேன்.
தணிக்கையில் நிற்காது.
அடித்துவிட்டு,
சாலைப் பணி, மாற்றுப் பாதை
என்று எழுதி
தாள் பறக்காமல் அந்தக் கறுப்புக் கட்டியைத் தூக்கி வைத்தேன்.